தறித் தெருவில் வால்வு அண்ணாச்சி

விசைத்தறி ஓயாத தெருவில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு மனிதர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்பதற்காகச் சொத்தைக் கரைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் சங்கரன்கோவிலில் எனக்கு வீட்டுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாடகைப் பத்திரத்தில் ஒருமுறை படித்தேன், அதோடு மறந்துவிட்டேன். ஊருக்கு அவர் வால்வு அண்ணாச்சி.

தொழில், பூக் கமிஷன் கடை. விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய், பிச்சியையும் மல்லியையும் தொண்டை கிழிய ஏலம் விட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். குளித்து, இட்லி தின்று, முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கேதான் அந்த இரண்டு ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளும் இருந்தன. ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். மேலே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் மெள்ளச் சிவந்து, நன்றாகச் சூடேறிய பிறகுதான் பாடத் தயாராகும். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். "அது சூடேறதுக்குள்ள நான் ஒரு புளிக்குழம்பு வச்சு இறக்கிருவேன்" என்பார் மதினி.

சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் போய் வருவதும் அடுப்புக்குள் போய் வருவதும் ஒன்றுதான். மாடியில் குடியிருந்த எனக்கும் தரை வழியாக என் பங்குச் சூடு வந்துசேரும். மழைக்காலத்தில் மட்டும் நான் குறை சொல்வதில்லை. ஐப்பசியில் என் பனியன்கள் காய்ந்தது அந்த அறைக் கொடியில்தான்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் என்றால் ஊருக்குத் தெரிந்தது கல்யாண வீட்டு ரேடியோ செட்டுதான். திருவேங்கடம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பேத்திக்குச் சடங்கு வச்சிருக்கோம். செட்டு நீங்கதான் போடணும்."

"இது ஒரு ஆளு கேக்கதுக்கு உள்ளது, பெரியவரே."

"ஒரு ஆளுக்கா இம்புட்டு பெரிய செட்டு? அவருக்கென்ன, காது கேக்காதோ?"

அண்ணாச்சி கோபப்படவில்லை. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் பெரியவரை உட்காரவைத்து, ஓர் இசைத்தட்டை ஓடவிட்டார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. வெளிய தறி ஓடலன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சியின் தீராத வியாதியும் அந்தத் தறிச் சத்தம்தான். எப்போதோ மதுரையில் ஒரு நண்பர் வீட்டில் நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைக் கேட்டிருக்கிறார். வித்வான் வாசிக்கத் தொடங்கும் முன் மூச்சு இழுக்கிறார். "நம்ம பக்கத்துல உக்காந்து இழுக்க மாதிரி இருந்துச்சு வே. எனக்கு மயிர்க்கால் எல்லாம் நின்னுட்டு" என்பார். அதே தட்டை வாங்கி வந்து வீட்டில் போட்டால் நாயனம் கேட்டது, மூச்சு கேட்கவில்லை. தறிச் சத்தம் அதைத் தின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு அதைவிடப் பெரியதை வாங்கினார். பிறகு அதைவிடவும் பெரியதை வாங்கினார். நாயனம் தெருமுனை டீக்கடை வரைக்கும் போனது. மூச்சு மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை.

விடுமுறை நாளில் தறி நிற்கும். ஆனால் அன்றைக்குத்தான் எல்லா வீட்டு டிவியும் அலறும், பிள்ளைகள் ஜன்னலுக்கு நேராக ஸ்டம்பு நடுவார்கள். அந்த நாட்களில் அவர் பெட்டியைத் தொடவே மாட்டார். மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். தெருவே கப்சிப் என்று இருக்கும். அண்ணாச்சி அணைந்த வால்வுகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "இலை போட்டாச்சு, சோறுதான் இல்ல" என்பார்.

"தறிக்காரங்ககிட்ட பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லலாமே" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அது அவன் சோறு வே. என் பாட்டுக்காண்டி அத நிறுத்தச் சொல்லவா?" என்றார்.

அப்புறம் அவருடைய வலது காது மந்தமானது. மார்க்கெட் கூச்சலிலும் தறிச் சத்தத்திலும் காது தேய்ந்துவிட்டது, இடதும் போகப்போகக் குறையும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. மதினி மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லி அழுதார். சாயங்காலம், தலையெல்லாம் பஞ்சோடு அந்த வீட்டுத் தறிக்காரர் கோமதிநாயகம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நாளைக்கு மூணு மணிக்கு தெருவுல எல்லாரும் தறிய நிறுத்துதோம். நீங்க அந்த மூச்சக் கேட்டுக்கிடுங்க."

"ஏலே, அதெல்லாம் வேண்டாம்."

"தெனமும் மிச்சப் பூவ எங்க பொண்ணுகளுக்குத் தாறியள்லா? ஒருநாள் நாங்க தாறோம்."

மறுநாள் அண்ணாச்சி சலவை வேட்டி கட்டியிருந்தார். பெட்டி முன்னதாகவே சூடேறிக் காத்திருந்தது. நான் கதவோரம் நின்றேன். ஜன்னலில் தறிக்காரர்களும் பெண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். கோமதிநாயகம் கையைத் தூக்கினார். எல்லாத் தறியும் ஒன்றாக நின்றன. கரண்ட் இருக்கும்போது அப்படி ஓர் அமைதியை நான் அந்தத் தெருவில் பார்த்ததில்லை. அண்ணாச்சி முள்ளை எடுத்தார். அது தட்டைத் தொடுவதற்குள் வால்வுகள் பளீரென்று எரிந்தன. டப்! ஒரு கருகல் வாடை வந்தது, எல்லாம் அணைந்துபோனது.

விஷயம் இதுதான். அத்தனை தறியும் கரண்டை இழுப்பதால் எங்கள் தெருவில் எப்போதும் வோல்டேஜ் குறைவு. ஸ்டெபிலைசர் வைத்தால் நாதம் செத்துவிடும் என்பது அண்ணாச்சியின் கட்சி. அதனால் பெட்டியையே அந்தக் குறைந்த வோல்டேஜுக்குத் தகுந்த மாதிரி மாற்றி வைத்திருந்தார். தறி நின்றதும் வோல்டேஜ் எகிறிவிட்டது. அதாவது, தறி ஓடினால்தான் அந்தப் பெட்டி பாடும்.

ஜன்னலில் ஒருவரும் அசையவில்லை. கோமதிநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு யாரோ ஒருவர் அடக்கிவைத்த மூச்சை 'ஹூ' என்று விட்டார். அடுத்து ஒருவர், அப்புறம் மொத்தக் கூட்டமும் விட்டது. அண்ணாச்சி இடது காதை ஜன்னல் பக்கம் சாய்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி?" என்றேன்.

"கேட்டுச்சு வே" என்றார். "ஒரு ஆளு மூச்சக் கேக்கத்தான இத்தன பாடு பட்டேன். இங்கன தெருவே மூச்சு விட்டுட்டுல்லா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏலம் விடும் குரலில் ஒரு கத்து கத்தினார்: "ஏலே, என்ன வேடிக்கை? போய்த் தறியப் போடுங்கலே!"

புது வால்வு வந்துவிட்டது. இன்னும் பெரிய பெட்டி வாங்கும் பேச்சு அதோடு நின்றது. நான் மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சி அவ்வப்போது போன் செய்வார். பின்னால் தறி ஓடும், நாயனமும் கேட்கும். "சத்தமாப் பேசும் வே, சரியாக் கேக்கல" என்கிறார் இப்போதெல்லாம். பேசத் தொடங்கும் முன், போனை வாயருகே வைத்து நான் ஒரு மூச்சை நன்றாக இழுத்துக்கொள்கிறேன். அவருக்குக் கேட்டாலும் கேட்கும்.