தொண்ணூற்றெட்டு மார்க் நடுவர்

"அப்ப இன்னிக்கு ஃபைனலுக்கு வேல்விழி அக்கா விசில் ஊத மாட்டாகளா?" என்று கேட்டான் பந்து பொறுக்கிப் போடும் பையன்.

"எப்படி ஊதுவாக? நடுவர் பரீட்சைல அவுகளுக்கு நாப்பது. எனக்குத் தொண்ணூத்தெட்டு" என்றான் அருள்பாண்டி, புது விசிலைத் துடைத்தபடி.

எட்டு வருடம் கூடைப்பந்து நடுவராக வெயிலில் ஓடிய வேல்விழி, ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அருள்பாண்டி இதுவரை நடத்திய ஆட்டங்கள் பூஜ்யம். இதை ஒழுங்காக முடித்தால் மாநில நடுவர். அதை முடிவு செய்ய, பரீட்சை வைத்த சுந்தர்ராஜ் நோட்டோடு முன்வரிசையில் இருந்தார்.

கடைசி நிமிடம். சிவகாசி ஒரு பாயிண்ட் முன்னிலை. விருதுநகர் ஹரிபிரசாத் பந்தை எறிந்தான். அதே நொடியில் கூட்டத்தில் எவனோ ஓர் அணுகுண்டைக் கொளுத்திப் போட்டான். சிவகாசிக்காரன் மேட்ச் பார்க்கப் பாப்கார்னா கொண்டுவருவான்?

டமார்!

அருள்பாண்டி நீளமாக விசிலடித்தான். பந்து வலைக்குள் விழுந்தது.

"நேரம் முடிஞ்சிருச்சு! கூடை செல்லாது!"

"தம்பி, அது பஸ்ஸர் இல்ல, வெடி! இன்னும் முப்பது செகண்டு கெடக்கு!" என்று வேல்விழி கத்தினாள்.

அருள்பாண்டி கண்ணை மூடி, மனசுக்குள் விதிப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினான். "பந்து காத்துல இருக்கயில விசில் அடிச்சா, விழுந்த கூடை செல்லும்!"

சிவகாசி கேப்டன் ராம்குமார் பாய்ந்து வந்தான். "ஏலே, இப்பதானலே செல்லாதுன்ன?"

"நடுவரை ஏலேன்னா டெக்னிக்கல் பவுல்!"

"ஏலேன்னு கூப்பிடாம பெறகு எப்படிலே கூப்பிட?" என்றார் சிவகாசி கோச்.

"உங்களுக்கும் ஒரு பவுல்!"

விருதுநகர் பெஞ்சு எழுந்து நின்று கைதட்டியது.

"கேலியா? உங்களுக்கும் பவுல்!"

பத்து நிமிடத்தில் இரண்டு அணியும் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேன் ஏறிவிட்டன. நடு மைதானத்தில் பந்தும் அருள்பாண்டியும் மட்டும் மிச்சம்.

"சார், விதி ஒண்ணு கூட நான் தப்பாச் சொல்லலையே?" என்று சுந்தர்ராஜிடம் ஓடினான்.

"விதி தப்பில்ல சார். வெடிச் சத்தத்துக்கும் பஸ்ஸருக்கும் வித்தியாசம் தெரியாதவுகளுக்கு மாநில விசிலா?" என்றாள் வேல்விழி.

சுந்தர்ராஜ் நோட்டை மூடி, அருள்பாண்டியின் தோளில் ஆசையாகக் கை போட்டார்.

"விசில் ஒங்களுக்கு வேண்டாம் தம்பி. பேசாம கேள்வித்தாள் எடுக்குற எங்க கமிட்டிக்கு வந்துருங்க. அங்கன அம்புட்டுப் பேரும் மொத மேட்ச்ல இப்படி ரெண்டு டீமையும் ஓட்டிவிட்டவுகதான், என்னையும் சேத்து. என்ன நெனைக்கீக?"