அத்தான் இழைத்த பலகையும் ஆடாத சுவரும்

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மனைவியும் மகளும் நலம். சுவர் மட்டும் இப்போதுதான் தேறி வருகிறது. அங்கே உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

“ஒரு ரூம் கட்ட இத்தனை நாளா? கோட்டையா கட்டுறே?” என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்விதான். போனில் பதில் சொல்ல நீ என்னை விட்டதே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அத்தான் காலமான பிறகு அடித்த பெருங்காற்றில் உன் வீடு கிடுகிடுவென்று ஆடியதையும், காற்று அடங்கும்வரை நீ தன்னந்தனியாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் கேள்விப்பட்ட அன்றே, எந்தக் காற்றுக்கும் அசையாத அறை கட்டித் தருகிறேன், இனி எங்களோடு இரு என்று வாக்குக் கொடுத்தேன். என் அறையை ஒட்டி மரச்சட்டங்களும் எழுந்து நின்றன. அவற்றின்மேல் எந்தப் பலகையை அடிப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. நான் அதைச் சட்டைத்துணி எடுக்கிற காரியம் என்று நினைத்து, ஜிப்சம் பலகை வழவழவென்று இருக்கிறது, தீயும் சீக்கிரம் பிடிக்காது, அதையே அடிக்கலாம் என்றேன். கட்டட இன்ஜினியரான என் மகள் சிரிக்கவில்லை.

“அப்பா, காத்து பக்கவாட்டுல தள்ளும். வெறும் சட்டம் தீப்பெட்டிக் கூடு மாதிரி சாஞ்சிடும். சாயவிடாம பிடிக்கிறதே பலகைதான். ஜிப்சம் பெருங்காத்துல ஆணியைச் சுத்திப் பொடிஞ்சிரும்.”

மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பலகை உறுதிதான், ஆனால் நம் வீட்டு ஈரத்தில் ஓரம் உப்பிவிடும் என்று அதையும் தள்ளினாள். கட்டடத்துக்கென்றே செய்த தடித்த பிளைவுட்தான் என்று தீர்ப்பும் சொன்னாள். மற்ற சுவர்களில் கதவும் ஜன்னலும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், நம் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவர்தான் காற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து நீ அனுப்பிய லாரி வந்தது. அத்தான் தன் கையாலேயே இழைத்து வைத்த பலகைகளை இறக்கிய டிரைவர், உன் உத்தரவையும் சேர்த்து இறக்கினார். “இதைத்தான் சுவருக்கு அடிக்கணுமாம். வேற எதையாச்சும் அடிச்சா அம்மா வரமாட்டாங்களாம்.”

மகள் ஒரு பலகையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். “மாமா எவ்வளவு அழகா இழைச்சிருக்காரு. ஆனா இதைப் படுக்கைவசமா அடிச்சா ஒவ்வொண்ணும் தனித்தனியா நகரும்ப்பா. இதை நம்பி அத்தையை உள்ள படுக்க விடமாட்டேன்.”

“ரெண்டு பிடிவாதமும் உங்க வீட்டுப் பிடிவாதம், என்னை இழுக்காதீங்க” என்று என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன செய்வேன், அக்கா? நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயத்தில், மகள் வேலைக்குப் போன சமயமாகப் பார்த்து, தச்சருக்கும் சொல்லாமல், நானே ஏணி போட்டு ஏறி அத்தானின் பலகைகளை வரிசையாக அடித்தேன், நடுவே ஒரு சாய்சட்டம் இடைஞ்சலாக இருந்தது, அதைக் கழற்றி எறிந்தேன், சுவரை அதுவரை நிறுத்தி வைத்திருந்ததே அந்தச் சட்டம்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள், மேல் சட்டத்தில் உட்கார்ந்து கடைசி ஆணியை அடித்தபோது சுவர், அவசரமே இல்லாமல், பெரிய மனிதர் நாற்காலியில் சாய்வதுபோல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது, ஏணி என்னைக் கைவிட்டது, நான் சுவரைக் கட்டிக்கொண்டு சாய்ந்தேன், ஓடிவந்த தச்சர் தோள்கொடுத்து நிறுத்தி, “சார், இறங்குங்க! ஆணியடிச்சது போதும்!” என்று கத்தினார். அடி பலமில்லை. ஆனால், நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மகள் வந்து பார்த்தாள். திட்டவில்லை. என் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டு பிளைவுட்டை வரவழைத்தாள். பிளைவுட் பலகைகளுக்கிடையே, ஈரத்தில் பெருத்தால் இடம் இருக்கட்டும் என்று மெல்லிய இடைவெளி விட்டார்கள். ஓரமெல்லாம் நெருக்கமாக ஆணி. பலகைக்குள் புதைந்துபோன ஆணிகளைக் காட்டி, “இது மேல்தோலைக் கிழிச்சிடுச்சு, பிடிப்பு போயிடும்” என்று பக்கத்தில் புதிதாக அடிக்கச் சொன்னாள். பிறகு தச்சரும் நானும் சேர்ந்து சுவரைத் தள்ளிப் பார்த்தோம். எங்கள் செருப்புத்தான் வழுக்கியது.

அத்தானின் பலகைகளைப் பழுதில்லாமல் கழற்றி, பிளைவுட்டின்மேல், உன் கட்டில் பக்கமாகப் பதித்திருக்கிறோம். பிளைவுட் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அத்தான் உனக்குத் துணையிருப்பார். கோபப்படாமல் வந்து சேர்.

உன் ஆசியை எதிர்பார்க்கும்,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் போன் வந்தது. அந்த நடுச்சுவரில் என் அறையைப் பார்த்தபடி பெரிய ஜன்னல் வேண்டும் என்றாய். சுவரின் பலமே போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். “காத்தடிக்கிறப்போ சுவர் நிக்குதான்னு நான் பாக்கப்போறதில்லடா. நீ அந்தப் பக்கம் இருக்கியான்னுதான் பாப்பேன்” என்றாய். சரி என்றுவிட்டேன். மகளிடம் சொல்லத் துணிவில்லாமல் அவள் அம்மாவை அனுப்பினேன். இன்ஜினியர் இப்போது பிளைவுட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு சுவரின் ஜன்னலை அடைத்து, கணக்கை முதலிலிருந்து போட வேண்டுமாம். ஆகவே மேலே எழுதிய எதையும் நம்பி வண்டி ஏறாதே. இல்லை, ஏறிவிடு அக்கா. ஜன்னல் வரும்வரை அந்த ஓட்டை வழியாகவே பார்த்துக்கொள்ளலாம்.