காக்கைக் கூட்டுக்கு ஓலைவெடிக் காவல்

"பொட்டப்புள்ளையப் படிக்க வைக்கிறதும், காக்கா குயில்குஞ்சுக்கு இரை ஊட்டுறதும் ஒண்ணுதான். ரெக்க முளைச்சாப் பறந்துரும். பாத்துக்கிட்டே இரு!"

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று என் அம்மாவுக்கு இப்படி ஆசி வழங்கியவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. (அத்தைக்கு வாழ்த்துவது என்றால் அப்படித்தான் வரும். கல்யாண வீடுகளில் அவரை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள்.)

அப்பாவுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. அத்தை சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்பதற்காகவே படித்து, பயிற்சியும் முடித்து, திருத்தங்கல் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். அப்போது எனக்கிருந்த கர்வத்தைத் தராசில் வைத்திருந்தால் கடைக்காரர் படிக்கல் போதாமல் பக்கத்துக் கடைக்கு ஓடியிருப்பார்.

சேர்ந்த உடனே தலைமையாசிரியை ஞானம்மா டீச்சர் என் கர்வத்துக்கு ஒரு கெடு வைத்தார்.

"ஆடி மாசம் இன்ஸ்பெக்டர் வருவாரு. உன் வகுப்புல உக்காந்து பாப்பாரு. அவருக்குப் பிடிச்சா வேல நிரந்தரம். பிடிக்கலேன்னா தீப்பெட்டி ஒட்ட ஒங்கம்மா பக்கத்துல எடம் போட்டு வைக்கச் சொல்லு."

சும்மா கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்துவதற்கு நான் என்ன சாதாரண டீச்சரா? பாடத் தலைப்பு 'பறவைகள் கூட்டைக் காக்கும் விதம்'. வகுப்பு ஜன்னலுக்கு நேரே வேப்பமரம். மரத்தில் ஒரு காக்கைக் கூடு. இன்ஸ்பெக்டருக்கு உயிரோடு பாடம் காட்டுவதென்று முடிவெடுத்தேன். ஒரே ஓர் இடைஞ்சல், குயில். கூடு கட்டச் சோம்பல். பிள்ளை வளர்க்கவும் சோம்பல். ஊரெல்லாம் பாராட்டும் குரல் மட்டும் உண்டு. (இப்படிப்பட்ட ஆட்கள் எங்கள் உறவிலும் உண்டு. குரல்தான் இல்லை.)

காக்கைகள் காவலில் குறை வைக்கவில்லை. ஒன்று இரை தேடப் போனால் இன்னொன்று கூட்டை விட்டு அசையாது. கறுப்புக் குயில் கிளையில் வந்து உட்கார்ந்தால் போதும், ஊசிவெடிக்குப் பயந்தவன் மாதிரி அது ஓடுகிற வரைக்கும் கொத்திக் கொத்தித் துரத்தும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்த வேலை. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியை நான் ஒருத்தி இருக்கும்போது காக்கை தனியாகக் கஷ்டப்படலாமா?

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் வெடி. ஆள் செத்தால் வெடி. கோயில் கொடைக்கு வெடி. தேர்தலில் ஜெயித்தவன் வீட்டு வாசலிலும் வெடி, தோற்றவன் வீட்டு வாசலில் அதைவிடப் பெரிய வெடி. எந்தப் பிரச்சினைக்கும் எங்களுக்குத் தெரிந்த மருந்து அதுதான். ஆகவே தீபாவளிக்கு மிஞ்சிய ஓலைவெடிகளைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

மதிய இடைவேளை. குயில் கூவியது. வேப்பமரத்தடியில் வெடியை வைத்துத் திரியைக் கொளுத்தினேன். டமார்!

குயில் போனதா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மரத்தடியில் தீயோடு நின்ற என்னைக் கூடு கலைக்க வந்தவள் என்று காக்கைகள் தீர்மானித்துவிட்டன. ஜோடி இரண்டும் என் உச்சியில் இறங்கின. அதுகள் கத்திய கத்தலில் தெருக் காக்கைகள் எல்லாம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டன. கொண்டை அவிழ, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மைதானத்தை நான் சுற்றிய சுற்றை விளையாட்டு விழாவில் சுற்றியிருந்தால் கோப்பை கிடைத்திருக்கும்.

"டீச்சர், குனிஞ்சு ஓடுங்க! குனிஞ்சு ஓடுங்க!" என்று பிள்ளைகள் ஆலோசனை சொன்னார்கள்.

ஞானம்மா டீச்சர் வராந்தாவில் நின்று பார்த்தார். "ஏ மாரிக்கனி, காக்காக்கு நீ காவலா, ஒனக்குக் காக்கா காவலா?"

நான் அசரவில்லை. அந்த வாரம் முழுக்கக் குயில் கூவும்போதெல்லாம் வெடி, வெடித்தபோதெல்லாம் ஓட்டம். நல்ல காரியத்துக்குக் கொத்து வாங்குவதும் ஒரு பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார், வெள்ளைத் தலைப்பாகை, கையில் குடை. பின் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் குரலை உயர்த்திப் பாடம் நடத்தினேன். முடிவில் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டு ஏமாற்றும். ஆனால் தக்க பாதுகாப்பு இருந்தால் அது நடக்காது. இதோ, இந்தக் கூடே சாட்சி!" என்றேன்.

பிள்ளைகள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் குஞ்சு ஒன்று வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. காக்கை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர்! காக்கா புள்ளி புள்ளியாக் குஞ்சு பொரிச்சிருக்கு!"

உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. சந்தேகமே வேண்டாம், பெண் குயில்குஞ்சு.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "என்னம்மா பாதுகாப்புக் கொடுத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசை முந்திக்கொண்டது. "டீச்சர் வெடி போட்டாக சார்! காக்கா அம்புட்டும் டீச்சரை வெரட்டுச்சு சார்! தெனமும் சார்!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. "கூவுறது ஆண் குயில்மா. அது போய் வம்புக்கு இழுக்கும். காக்கை அதைத் துரத்திக்கிட்டுப் போற நேரம் பெண் குயில் சத்தமில்லாம வந்து முட்டை வச்சிட்டுப் போயிரும். உங்க பள்ளிக்கூடத்துல காக்கைய இழுத்துக்கிட்டு ஓடுற வேலைய நீங்களே பாத்துட்டீங்க, ஆண் குயிலுக்கு அலைச்சல் மிச்சம்."

அவர் குஞ்சைக் கிட்டத்தில் பார்க்க விரும்பினார். கூடவே போனேன். காக்கைக்கு என் முகம் மறக்கவில்லை. தான் ஏமாந்து வளர்க்கும் குயில்குஞ்சை என்னிடமிருந்து காப்பாற்ற அது பாய்ந்து வந்தது. நான் குனிந்தேன் (பழக்கம்). பின்னால் நின்றவருக்குப் பழக்கமில்லை. தலைப்பாகை வேப்பமரத்தடிப் புழுதியில் உருண்டது.

நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. செய்தி எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே பஸ் ஏறிப் போய்விட்டது. நான் நுழைந்தபோது அத்தை தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சரம்மா! குயிலுக்கே பேறுகாலம் பாத்துட்டு வந்தீகளாமே! நான் அன்னைக்கே சொன்னேன், இவள வளக்கிறது குயில்குஞ்ச வளக்கிறதுதான்னு. காக்கா பாவம், தெரியாம ஊட்டுது!"

அம்மா தீப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்புட்டுப் பெரிய புள்ளி, மதினி. அது கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? எம்புள்ளன்னு ஊட்டுது. பறக்கத்தான ஊட்டுது?"

அத்தை எழுந்து செருப்பைத் தேடினார்.

அடுத்த ஆடியில் கரும்பலகையில் எழுதிப் போட்டு, சாதாரண டீச்சராகப் பாடம் நடத்தி, நிரந்தரம் வாங்கினேன். ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் பால் பொங்கி வழிந்தால், ஆடு கொடியில் காயும் சேலையைத் தின்றால், "மாரிக்கனி காவலா?" என்றுதான் கேட்பார்கள். அத்தைக்கு நான் 'புள்ளிக்குஞ்சு'. சொந்தப் பெயர் அவருக்கு மறந்தே போயிற்று.

போன மாதம் மதுரை பஸ்ஸில் என்னை ஏற்றிவிட வந்தபோதும் அவர் அப்படித்தான் கத்தினார். "புள்ளிக்குஞ்சு பறக்குது, பாருங்கடி!"

உண்மைதான். வாங்கிய நிரந்தரத்தை ராஜினாமா செய்துவிட்டு மதுரையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். பாடம் விலங்கியல். விடுதி ஜன்னலுக்கு நேரே ஒரு காக்கைக் கூடு இருக்கிறது. பையில் வெடி எதுவும் எடுத்து வரவில்லை.