காது சோதித்த ஆப்பிடம் கொடுத்த 'சரி'யைத் திரும்பக் கேட்டு

மதிப்பிற்குரிய 'செவிமணி' ஆப் குறைதீர்ப்பு அலுவலர் ஐயா, அல்லது அம்மா அவர்களுக்கு,

புதுச்சேரி பாகூர் கொம்யூன் செலியமேட்டில் கரும்பு பயிரிடும் செல்லப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னைப் பற்றி உங்களுக்கே எல்லாம் தெரியும் என்பதால் என் நலத்தைத் தனியாக எழுதவில்லை.

ஒரு வருஷமாக எனக்குக் காது மந்தம். மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று குழாயில் கைவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வீட்டில் சொல்ல வெட்கம். ஐம்பத்தெட்டு வயதில் செவிடன் என்று பேர் வாங்க யாருக்கு ஆசை? என் மனைவி தையலம்மாள் எது பேசினாலும் "சரி" என்பேன், அவள் முகம் சுளித்தால் "சரி, வேணாம்" என்று மாற்றிக்கொள்வேன், இப்படியே காலம் ஓடியது. போன மாதம் யாருக்கும் தெரியாமல் கரும்புக்குள் உட்கார்ந்து உங்கள் ஆப்பில் காதைச் சோதித்தேன். சோதனைக்கு முன்னால் பக்கம் பக்கமாக ஏதோ எழுதி, கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தீர்கள். வீட்டுப் பழக்கத்தில் அதற்கும் சரி என்று அழுத்தினேன். அங்கே பிடித்தது சனி.

அன்று சாயங்காலமே தையலம்மாள் டிவியில் பாட்டு போட்டால், பாட்டுக்கு முன்னால் காது மிஷின் விளம்பரத்தில் ஒரு பெரியவர் வந்து, "மனைவி பேசுவது கேட்கவில்லையா?" என்கிறார். என் போனும் டிவியும் ஒரே மெயில் கணக்காம். சமையல் பார்த்தாலும் அவர், சாமி பாட்டு போட்டாலும் அவர். பாகூர் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் நிஜாமுதீன் மகள் ஃபைஜாவிடம் ஓடினேன். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று புதுச் சட்டமே இருக்கிறது என்றாள். நான் வீடு திரும்புவதற்குள், 'பாகூர் வட்டாரத்தில் காது மந்தமானவர்களுக்குச் சலுகை' என்று ஊர்ப் பெயரோடு இன்னொரு கம்பெனிக்காரன் வந்துவிட்டான். தையலம்மாள் டிவியை நிறுத்தினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். "சரி" என்றேன். திரும்பி வந்து நேரே நின்றாள்.

"நான் இப்ப இன்னா சொன்னேன்?"

"மோட்டாரு போடச் சொன்ன."

"உன்ன பாம்பு கடிக்கட்டும்னு சொன்னேன்யா!"

அதோடு போயிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப வெண்ணிலா விஷயத்துக்கும் காதுல வுழாமத்தான் சரின்னியா?" என்றாள். வெண்ணிலா எங்கள் ஒரே மகள். திருவாண்டார்கோயில் பக்கம் தன்னோடு கம்பெனியில் வேலை பார்க்கும் பனித்திட்டு சேவியரை விரும்புகிறாளாம். பொங்கலுக்கு மறுநாளே தையலம்மாள் என்னிடம் சொல்லி, நானும் சரி என்று தலையாட்டி, அதை நம்பிப் பையன் வீட்டில் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று மண்டபம் வரை பார்த்தாகிவிட்டது. நடுவில் ஒருநாள் வஞ்சிர மீனோடு வீட்டுக்கு வந்த பையனை மீன் விற்பவன் என்று நினைத்து நான் பேரம் பேசியது இப்போதுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு வந்ததே கோபம். பையன் எப்படிப்பட்டவன் என்பதல்ல, இரண்டு ஊருக்குத் தெரிந்தது பெற்றவனுக்குத் தெரியவில்லையே என்று. ஃபைஜா சொன்ன சட்டப்படி என் சரியைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

"அது போன் கம்பெனிக்காரனுக்குய்யா, பெத்த பொண்ணுக்கில்ல" என்றாள் தையலம்மாள்.

மூன்று நாள் வீட்டில் யாரும் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நான்காம் நாள் வெண்ணிலாவே என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய்க் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில், "கேக்குதாப்பா?" என்றாள். கேட்டது. ஒரு வருஷமாக என் மகள் குரலை நான் சரியாகக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவரு நல்லவருப்பா. நீ வேணாம்னா கட்டிக்க மாட்டேன். ஆனா காதுல வாங்கிட்டு வேணாம்னு சொல்லு" என்றாள். தவளக்குப்பம் தாண்டும்வரை யோசித்தேன். பிறகு, "சரிம்மா" என்றேன். அவள் நம்பாமல், தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

ஆகவே, மகளுக்குக் கொடுத்த சம்மதம் இருக்கட்டும், உங்களுக்குக் கொடுத்ததை மட்டும் திருப்பித் தாருங்கள். என் காதையும் வயதையும் ஊரையும் யார் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். இப்போது தவில் செட்டும் பந்தலும் விளம்பரமாக வருகின்றன. மிஷின் மாட்டியதால் எல்லாம் காதில் வேறு விழுகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதெல்லாம் உங்கள் காதில் நல்லபடியாக விழட்டும்.

இப்படிக்கு,
கு. செல்லப்பன்

பின்குறிப்பு: இதை ஃபைஜாதான் உங்கள் புகார்ப் பக்கத்தில் ஏற்றித் தருகிறாள். 'என் விவரங்களைப் பங்குதாரர்களுடன் பகிர ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் புகார் போகுமாம். போட்டுவிட்டோம். குடும்பத்தில் இன்னொருவர் எண்ணும் கட்டாயம் என்றது. தையலம்மாள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.