முகத்தைப் பார்த்துக் கொடுத்த வேலை

"நான் ரொம்ப மென்மை" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் எதையும் நம்பக் கூடாது. அது மனிதராக இருந்தாலும் சரி, முகத்தில் பூசும் பொடியாக இருந்தாலும் சரி. ஆனால் பொடியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. என் முகம் கெட்டதில் பெரும்பங்கு என் அப்பாவுக்கு. அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரியில். அப்பா அங்கே ஒரு சின்னத் தேயிலை பேக்டரியில் டீ மேக்கர், அதாவது இலை தூளாகும் வரை பக்குவம் பார்ப்பவர். எனக்கோ தொட்டாலே சிவக்கும் தோல். பனிக்காலம் வந்துவிட்டால் கன்னம் இரண்டும் செதில் செதிலாக உரியும். (தேங்காய் எண்ணெய் தடவலாமே என்பீர்கள். எங்கள் ஊர் மார்கழியில் அது பாட்டிலை விட்டு வெளியே வராது.) இந்த முகத்தோடுதான் குன்னூரில் ஒரு தேயிலை வியாபார அலுவலகத்துக்கு நேர்காணல் போக வேண்டியிருந்தது. டீயை ருசித்துத் தரம் சொல்லும் பயிற்சி வேலை. கல்லூரி முடித்ததிலிருந்து நான் ஆசைப்பட்ட ஒரே வேலை அது.

கோயமுத்தூரில் அழகு நிலையம் வைத்திருக்கும் பெரியப்பா மகள் ஒரு டப்பாவை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். "ஸ்க்ரப் போட்டுத் தேச்சுத் தொலைக்காத. இது என்சைம். தேய்க்கவே வேண்டாம், செத்த தோலை அதுவே எடுத்துரும். ஒரு நிமிஷம் வெச்சுக் கழுவீரு. மொதல்ல கையில கொஞ்சம் போட்டுப் பாரு."

நல்ல அறிவுரை. அதன்படி நடக்க யார் விட்டார்கள்?

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வேலை முடிந்து வந்தார். டப்பாவை எடுத்தார். "மென்மையான நொதிப் பொடி" என்று தமிழிலும் அச்சிட்டிருந்தார்கள்.

"நொதின்னா என்ன கண்ணு?"

"என்சைம்ப்பா. நொதித்தல்னு படிச்சமே, அது."

"அட, நம்ம ஃபெர்மென்டிங்!"

அவர் முகம் மலர்ந்ததைக் கண்டபோதே நான் ஓடியிருக்க வேண்டும். அரைத்த தேயிலை பச்சையிலிருந்து சிவப்பது அந்த நொதியால்தான். அதைப் பார்த்துப் பார்த்தே நரைத்த தலை அவருடையது.

"ஒரு நிமிஷம்னு போட்டிருக்கறான் பாரு, அது கீழ்நாட்டுக் கணக்கு. இந்தக் குளுருக்கு இலையே நெறம் மாற மாட்டீங்குது. அரை மணி நேரமாச்சும் வெக்கோணும்."

"அப்பா, இது முகம்."

"முகமென்ன, இலையென்ன? குளுரு ஒண்ணுதான?"

குளிரில் நொதி மெதுவாக வேலை செய்யும் என்று நானும் படித்திருந்தேன். தாவரவியல் பட்டம் வாங்கிய அறிவு, சரியான நேரத்தில் என்னைக் கைவிட்டது. பூசிக்கொண்டு படுத்தேன். காயக் கூடாது என்று, பேக்டரியில் ஈரச் சாக்கு தொங்கவிடுவது போல, என் முகத்தின் மேல் ஒரு ஈரத்துண்டையும் போட்டார்.

"எரியுதுப்பா!"

"அப்ப வேலை செய்யுது. பொறு."

பொறுத்தேன். (பொறுத்தார் பூமி ஆள்வாராம். நான் ஆண்டது ஒரு பக்கெட்டைத்தான்.) கடைசியில் தாங்க முடியாமல் கத்தியபோது, "நிறுத்தோணும்னா சூடு காட்டோணும். ட்ரையருக்குப் போனாத்தான் நொதி சாகும்" என்று சொல்லி, குளிக்கக் காய்ச்சியிருந்த வெந்நீரை மொண்டு கொடுத்தார். நானும் வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டேன். அந்த அலறலில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏனுங்க, புள்ள மூஞ்சிய என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

அப்பா என்னை விளக்குக்குக் கீழே நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல செம்பு நெறம்" என்றார், பதமாக நொதித்த இலையைப் பார்த்த திருப்தியோடு.

மறுநாள் குன்னூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "ஏனுங்கம்முணி, அடுப்புல விழுந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார். தொற்றிக்கொள்ளும் என்று பயம்.

நேர்காணலில் பெரியவர் ஒருவர், கோப்பையிலிருந்த டீயைப் பார்த்தபடியே கேட்டார்: "ஃபெர்மென்டிங் அளவுக்கு மேல போனா என்னம்மா ஆகும்?"

"பளபளப்புப் போயிருங்க சார். செவந்து, கறுத்து, மங்கிப்போயிரும்."

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்ததே கோபம்! ஆசைப்பட்ட வேலை இத்தோடு போயிற்று, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

"ஆமாங்க சார், இப்படித்தான் ஆகும்! அரை மணி நேரம் வெச்சாரு எங்கப்பா!"

அவர் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. அதன்பின் இலையைப் பற்றிக் கேட்ட அத்தனை கேள்விக்கும் எரிச்சலோடு சரியாகப் பதில் சொன்னேன். வேலை கிடைத்தது. பதிலுக்குத்தான் கிடைத்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அதே பொடியை இப்போதும் எப்போதாவது போடுகிறேன். ஒரு நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். முகம் நன்றாகவே இருக்கிறது. குளியலறைக் கதவைச் சாத்தினால் மட்டும் வெளியே அப்பாவின் குரல் கேட்கும்: "கண்ணு, ட்ரையருக்கு அனுப்பலாமா?"

அதைக்கூட மன்னிக்கலாம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம், "எம் புள்ளைக்கு மூஞ்சியப் பாத்துத்தானுங்க வேலை குடுத்தாங்க" என்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மறுத்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் எனக்குக் கோபத்தில் முகம் சிவக்கும்.

உடனே அப்பா கை நீட்டிக் காட்டுவார்.

"பாத்தீங்களா? இந்த நெறந்தானுங்க."