கோட்டுக்கு இரண்டடி முன்னால்

என்னை நடுரோட்டில் விட்டுப்போன அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இவ்விடம் என் இரண்டு முழங்கால்களைத் தவிர அனைவரும் நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. நேற்று நீ ஓடிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

அச்சகத்தில் முப்பது வருடமாக உட்கார்ந்தே பிழை திருத்துகிறவன் நான். பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை, எப்படியும் அடுத்த பஸ் வரும். அப்படிப்பட்டவனை இருபத்தொரு கிலோமீட்டர் அரை மாரத்தானில் இழுத்துவிட்டது யார்? நம் 'புயல்கள்' குழுவின் பல் டாக்டருடைய கிளினிக்கில் நின்றுகொண்டு, "அத்தான், நேரமெல்லாம் முக்கியமே இல்ல. நாலு பேரும் ஒண்ணாத்தான் முடிவுக் கோட்டைத் தாண்டறோம். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் போறதில்ல" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது யார்? குழுவின் நாலாவது ஆளான லிஃப்ட் மெக்கானிக் கண்கலங்கித் தலையாட்டினார். டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளி மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த மனிதருக்கு இருந்த விவரம் எனக்கு இல்லை.

ஏழாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கியபோது, "நீங்க போங்க, நான் மெதுவா வரேன்" என்றேன். அது மரியாதைக்குச் சொன்னது. வீட்டுக்கு வந்தவர் "வயிறு நிறைஞ்சிருக்கு" என்றால் உடனே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறோமா? நாலு தடவை வற்புறுத்த வேண்டாமா? நீ "சரி அத்தான்" என்றாய். மற்ற இருவரும் அதைச் சொல்லக்கூட நிற்கவில்லை.

பிறகு நடந்ததைக் கேள். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் என்னைத் தாண்டிப் போனாள். குழந்தை டாட்டா காட்டியது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்த பெண், "சூப்பர் அங்கிள், இன்னும் கொஞ்ச தூரம்தான்!" என்று கைதட்டினாள். ஒன்பது கிலோமீட்டர் அவளுக்குக் கொஞ்ச தூரமாம். அடுத்த இடத்தில் தண்ணீரே இல்லை, மேசையையே மடித்துக்கொண்டிருந்தார்கள். பதினாறில், ஓட முடியாதவர்களை அள்ளிப்போகும் வேன் என் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. "ஏறிக்குங்க சார், ஏசி போட்டிருக்கேன். அங்க எல்லாத்தையும் கழட்ட ஆரம்பிச்சிருப்பாங்க. இனிமே போனாலும் உங்க பேரு பட்டியல்ல வராது" என்றார் டிரைவர். "இல்லப்பா, ஃப்ரெண்ட்ஸ் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன். மீதி ஐந்து கிலோமீட்டரும் அந்த வேனின் உறுமலைக் கேட்டபடியே நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன்.

வந்து பார்த்தால், கோட்டுக்கு இரண்டடி முன்னால் நடுவழியில் மூன்று பேரும் காலை நீட்டிக் கிடக்கிறீர்கள்! டாக்டர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். யாரோ ஓர் அதிகாரி உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அதில் எனக்குப் பரம திருப்தி. "அத்தான், வாங்க வாங்க" என்று நீ கையை நீட்டினாய். நான் மூன்று ஜோடிக் கால்களையும் தாண்டி, கோட்டையும் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் டாக்ஸி ஏறினேன்.

ஆகவே இன்றுமுதல் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. உன் அக்காவைப் பார்க்க நீ தாராளமாக வரலாம். அந்த நேரம் நான் பால்கனியில் இருப்பேன். கைபேசியில் 'புயல்கள்' குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். உன் கால்கள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நேற்றுவரை புயலாக இருந்த
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா வந்து முடிவுப் பட்டியலைக் காட்டினாள். என் பெயர் இருக்கிறது. கடைசியிலிருந்து நான்காவது. எனக்கும் பின்னால் யார் இருக்க முடியும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தால், மெக்கானிக், டாக்டர், நீ. ஒன்றரை மணி நேரம் கோட்டைத் தாண்டாமல் உட்கார்ந்து, "நாலு பேர் இன்னும் முடிக்கல, எப்படி மூடுவீங்க?" என்று அந்த அதிகாரியிடம் மல்லுக்கு நின்றீர்களாமே. இதை அக்காவிடம் சொன்ன நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை? நேற்றிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை என்பதெல்லாம் ஒரு சாக்கா? ஒருத்தரை விட்டு ஒருத்தர் போவதில்லை என்றுதானே பேச்சு. விட்டுப் போனவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது. குழுவில் என்னை மறுபடி சேர்த்துவிடு; நானாக வாய்விட்டுக் கேட்கமாட்டேன்.