சங்கரபாண்டி வீட்டு ரேடியோ விற்பனைக்கு

"இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு சங்கரபாண்டி சுவிட்சைத் தட்டினார். ரேடியோ வாய் திறக்கவில்லை. வீட்டுக் கரண்டுதான் போனது.

"ரேடியோ சொக்கத் தங்கம் அண்ணாச்சி. அதுக்குக் கரண்டு குடுக்குத பெட்டிதான் கொஞ்சம் மக்கர் பண்ணும்."

ரேடியோ வாங்க வந்த கண்ணபிரான் பெட்டியை உற்றுப் பார்த்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் அவர். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, கடம்பூரைத் தாண்டி இந்தக் கிராமத்துக்கு பைக்கில் வந்தது செல்போனில் பார்த்த ஒரு விளம்பரத்தை நம்பி. பழைய ஹாம் ரேடியோ, பல அலைவரிசைகளில் பேசலாம், கேட்கலாம் என்று போட்டிருந்தது. ஹாம் லைசென்ஸ் வாங்கி நாலு வருடம் ஆகியும் அவர் காற்றில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸைத் துடைக்கும்போதெல்லாம் மனைவி உமாதேவி, "லைசென்ஸ் இருக்கு, வண்டிதான் இல்ல" என்பாள்.

இன்று அதற்கு முடிவு கட்டியாக வேண்டும். ஓசூரில் இருக்கும் நண்பர் யோகராஜ் நாலு மணிக்கு ரேடியோ முன்னால் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவரோடு பேசிப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்குவது என்று ஏற்பாடு. பைக்கில் வைத்துக் கட்ட நல்ல நைலான் கயிறுகூடக் கொண்டுவந்திருந்தார்.

மணி பன்னிரண்டு. டூல்ஸ் பையைத் திறந்தார். வீட்டுக்கு ஃபியூஸ் போட்டார். மக்கர் பெட்டியைக் கழற்றி, விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்தார். சங்கரபாண்டியின் மனைவி வெள்ளைத்தாய் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே இந்த மிக்சியையும் ஒரு பார்வ பாத்திருங்களேன்."

அதையும் பார்த்தார். சாப்பாடு போட்ட வீடு, மறுக்க முடியுமா? இலையில் வைத்த கடம்பூர் போளி இன்னும் நாக்கில் இருந்தது.

ரேடியோ இப்போது உயிர் பெற்றது. ஆனால் எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் மூச்சுப்பேச்சு இல்லை. ஏரியல் ஒயரைத் தேடி மாடிக்குப் போனார். அதில் வெள்ளைத்தாயின் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இது ஏரியல்லா? கொடியா கட்டியிருக்கியளே!"

"பேசாமச் சும்மாத்தான கிடந்துச்சு" என்றார் சங்கரபாண்டி.

துணியைப் போட வேறு கொடி வேண்டுமே. கண்ணபிரானின் நைலான் கயிறு கொடியானது. ஒயரை விடுவித்து, மாடியில் நின்ற இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஏற்றினார். அடியில் அழகாக சிமெண்ட் பூசி நட்ட கம்பம்.

"கம்பம் ஜோரா நட்டிருக்கே!"

"கயத்தாத்துக்காரர் ஒருத்தர் நட்டுக் குடுத்தாரு. இந்த ரேடியோவ வாங்க வந்தவருதான்."

"பெறகு ஏன் வாங்கல?"

"அவருக்குக் குடுத்துவைக்கல" என்று பெருமூச்சு விட்டார் சங்கரபாண்டி.

இப்போது ரேடியோ பேசியது. பேச்சா அது? ஒரே இரைச்சல். எர்த் சரியில்லை என்று கண்ணபிரானுக்குப் புரிந்தது. கொல்லையில் கரிசல் மண் கோடை வெயிலில் வாய் பிளந்து கிடந்தது. சங்கரபாண்டி கொடுத்த ஆளுயர எர்த் கம்பியை ஊன்றினார். கம்பி வெடிப்புக்குள் சரசரவென்று இறங்கி, கண்ணை விட்டே மறைந்துபோனது.

"ஐயோ!"

"இந்த மண்ணு அப்படித்தான். போன மாசம் கோழிக்குஞ்சு ஒண்ணு போச்சு" என்றாள் வெள்ளைத்தாய்.

இன்னொரு கம்பியைத் தேடி எடுத்தார்கள். இந்த முறை கண்ணபிரானே குழி வெட்டினார். கரியும் உப்பும் கொட்டினார். அடிபம்பிலிருந்து பன்னிரண்டு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றினார். வேட்டி முழுக்கக் கரிசல். மணி மூன்று ஐம்பத்தைந்து.

உள்ளே ஓடிவந்து மைக்கை எடுத்தார். கூப்பிட்டார். ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"கண்ணா! உன் குரல் கணீர்னு கேக்குது!" என்றது ஓசூர்.

கண்ணபிரானுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருட ஏக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் சங்கரபாண்டி மைக்கை வாங்கிக்கொண்டார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவரும் லைசென்ஸ்காரர்தான். ஓசூர்க்காரரோடு முக்கால் மணி நேரம் ஊர்க்கதை பேசினார்.

கண்ணபிரான் பணத்தை எடுத்து நீட்டினார்.

சங்கரபாண்டி ரேடியோவைத் தடவிக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. இம்புட்டு நல்லாப் பேசுத பெட்டிய எவனாவது விப்பானா?"

கண்ணபிரான் கெஞ்சியும் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். நடக்கவில்லை. வெள்ளைத்தாய் போளிப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள். கொடியில் சேலைகள் காய்ந்துகொண்டிருந்ததால் கயிற்றைத் திருப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை. காலி பைக்கில் கிளம்பினார்.

ஊர் எல்லையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்து மறித்தது. ஆடுகளை ஓட்டிவந்த உச்சிமாகாளி, கண்ணபிரானின் கரிசல் வேட்டியையும் பைக்கில் தொங்கிய டூல்ஸ் பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரேடியோ பேசிட்டா அண்ணாச்சி?"

"பேசிட்டு. ஆனா குடுக்க மாட்டேன்னுட்டாரே!"

"அவிய எங்க குடுப்பாவ? போன வருசம் பம்புசெட்டு விலைக்குன்னு போட்டாவ. ஓட்டப்பிடாரத்துக்காரரு வந்து தண்ணிய வரவச்சுட்டு வெறுங்கையோட போனாரு."

உச்சிமாகாளி பைக்கின் அருகே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"எங்க வீட்லயும் ஒரு டிவி விலைக்கு இருக்கு அண்ணாச்சி. படம் மட்டுந்தான் வரல. வந்து பாக்கியளா?"